ஸ்பாகெட்டி எப்போது ஒட்டிக்கொள்கிறது?

ஸ்பாகெட்டி ஒட்டாமல் வேக என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தண்ணீரில் எண்ணெய் விடச் சொல்வார் ஒருவர். பாத்திரம் நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்வார் இன்னொருவர். உப்புப் போட்டால் ஒட்டாது என்பார்கள், வடித்த கையோடு பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும் என்பார்கள். எல்லா யோசனைகளும் எதைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதிலேயே நின்றுவிடுகின்றன. இழைகள் எந்த நேரத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்று முதலில் கேட்டுவிட்டால், இவற்றில் எது உதவும், எது உதவாது என்பது விளங்கிவிடும். பத்து நிமிடம் வேகிற ஸ்பாகெட்டி அந்தப் பத்து நிமிடமும் ஒட்டுகிற நிலையில் இருப்பதில்லை. கொதிநீரில் விழுந்த முதல் இரண்டு நிமிடம் ஒரு கட்டம். தண்ணீரை விட்டு வெளியே வந்து சாஸோடு சேரும் வரை உள்ள இடைவெளி இன்னொரு கட்டம். இந்த இரண்டிலும் கவனமாக இருந்தால் நடுவில் ஸ்பாகெட்டி தன் பாட்டுக்கு வேகும். இந்த அத்தியாயம் சொல்லப்போகும் முறை முழுவதும் இதிலிருந்து பிறப்பதுதான்.

இதற்குக் காரணம் ஸ்பாகெட்டியின் உள்ளமைப்பில் இருக்கிறது. நல்ல உலர் ஸ்பாகெட்டியில் இருப்பவை இரண்டே பொருள்கள்: டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவை, தண்ணீர். இத்தாலியில் தயாராகும் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த விதி ருசியை மட்டும் காப்பதில்லை, ஒட்டாமல் வேகும் குணத்தையும் சேர்த்தே காக்கிறது. டியூரம் கோதுமையில் புரதம் அதிகம். ரவையைத் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தும்போது அந்தப் புரதம் குளூட்டன் என்னும் வலையாகப் பின்னிக்கொள்கிறது; மாவுச்சத்துத் துகள்கள் அதன் கண்களுக்குள் அடைபடுகின்றன. பிறகு ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டாதபடி உலர்த்துகிறார்கள். இந்த இழையைக் கொதிநீரில் போட்டால் இரண்டு மாற்றங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு நடக்கின்றன. சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகின்றன. சூடு இன்னும் ஏறும்போது புரத வலை இறுகிக் கெட்டிப்படுகிறது. வலை நன்றாக இறுகினால் மாவுச்சத்து உள்ளேயே நின்றுவிடும். வலை பலவீனமாக இருந்தாலோ, மேற்பரப்பில் மாவுச்சத்து வெளிப்பட்டு நின்றாலோ பசை வெளியே வந்துவிடும். சோறு வடித்த கஞ்சி ஆற ஆற எப்படிக் கெட்டியாகிப் பசையாகிறதோ அதே செயல்தான் இங்கே ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய படலமாக நடக்கிறது.

முதல் கட்டத்தைப் பார்ப்போம். கொதிநீரில் விழுந்ததும் இழையின் மேற்பரப்பு உடனே சூடாகிறது. உள்ளே அது இன்னும் காய்ந்த குச்சிதான். மேலே உள்ள மாவுச்சத்து சட்டென்று ஊதிக் கெட்டிப் பசையாக நிற்கும். அந்தப் பசை தண்ணீரில் கரைந்து விலகவும், அடியில் உள்ள புரதம் இறுகவும் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் இரண்டு இழைகள் அசையாமல் அருகருகே கிடந்தால் இரண்டின் பசையும் கலந்து, சேர்ந்தே வெந்து, ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு கிளறிப் பயனில்லை; பிரித்தால் அறுந்துதான் வரும். கட்டியான இடத்தின் நடுவே தண்ணீர் புகாததால் அங்கே வேகாத கடினம் அப்படியே நிற்கும், சுற்றிலும் உள்ள இழைகள் குழைந்துகொண்டிருக்கும். மற்ற பாஸ்தா வகைகளைவிட ஸ்பாகெட்டிக்கு இந்த ஆபத்து கூடுதல். குழல் வடிவிலும் சுருள் வடிவிலும் உள்ளவை ஒன்றையொன்று அங்கங்கேதான் தொடும். நேரான, ஒரே நீளமுள்ள இழைகளோ கட்டாக விழுந்தால் நுனி முதல் நுனி வரை தொட்டுக்கொண்டே கிடக்கும்.

எனவே ஸ்பாகெட்டியைக் கட்டாக அப்படியே உள்ளே இறக்காதீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, பாத்திரத்தின் நடுவில் செங்குத்தாகப் பிடித்து, கையைச் சற்றே முறுக்கி விட்டால் இழைகள் விளிம்பைச் சுற்றி நாலா பக்கமும் சாயும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைக் கண்டு அவசரப்பட வேண்டாம். அரை நிமிடத்தில் கீழ்ப்பகுதி இளகியதும் கரண்டியின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்தினால் வளைந்து உள்ளே போய்விடும். முழுவதும் மூழ்கியதிலிருந்து இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நீண்ட முட்கரண்டியாலோ இடுக்கியாலோ அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிரித்துவிடுங்கள். மேலாகச் சுற்றிச் சுற்றிக் கிளறினால் இழைகள் கட்டாகவே சேர்ந்து சுழலும், பிரியாது. தூக்கி விடுவதில்தான் பலன் இருக்கிறது. சேர்ந்து கிடக்கும் இழைகள் கண்ணில் பட்டால் அப்போதே விலக்கிவிடலாம், அந்த நேரத்தில் பசை இன்னும் இளக்கமாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கிளறு போதும். அப்போது கிளறுவது அடிபிடிக்காமல் இருக்கத்தான். இழைகளை ஒடித்துப் போட்டால் ஒட்டாது என்று சிலர் நம்புகிறார்கள். ஒடித்தால் மூழ்கடிப்பது எளிது என்பது உண்மை. பக்கத்தில் பக்கத்தில் படுத்த அரை இழைகளும் முழு இழைகளைப் போலவே ஒட்டும். பாத்திரம் மிகச் சிறியதென்றால் ஒடிப்பதில் குற்றமில்லை. ஆனால் முட்கரண்டியில் சுருட்டி எடுத்துச் சாப்பிடுவதற்காகவே நீளமாகச் செய்யப்பட்ட உணவு இது, அந்த நீளத்தை முடிந்தவரை காப்பாற்றுவதே நல்லது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நிறையத் தண்ணீர் வைத்தால் இந்தக் கவலை எதற்கு என்று கேட்பார்கள். இத்தாலிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. அனுபவத்தில் பிறந்த அந்தக் கணக்கை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதைக் கடைப்பிடிப்பவர்கள் நல்ல ஸ்பாகெட்டி சமைக்கிறார்கள். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் காரணம், தண்ணீர் அதிகமிருந்தால் கொதி அடங்காது, அடங்கினாலும் விரைவில் திரும்பும் என்பது. இருவருக்கான 200 கிராம் ஸ்பாகெட்டியை இரண்டு லிட்டர் கொதிநீரில் போட்டால் தண்ணீரின் சூடு ஏறத்தாழ 3 டிகிரி குறையும். ஒரு லிட்டரில் போட்டால் ஏறத்தாழ 6 டிகிரி. 94 டிகிரி என்பதும் மாவுச்சத்து ஊதுவதற்கும் புரதம் இறுகுவதற்கும் தேவையான சூட்டைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது. மீண்டும் கொதி வருவதற்கு அடுப்பு தரவேண்டிய வெப்பம் இரண்டு பாத்திரங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் ஸ்பாகெட்டி உறிஞ்சிக்கொண்ட வெப்பம் ஒன்றுதான். பெரிய பாத்திரத்தில் சூடு குறைவாக இறங்குகிறது, ஆனால் அதில் உள்ள அதிகத் தண்ணீரை அந்தச் சிறிய அளவு ஏற்றவும் அதே நேரம் பிடிக்கிறது. ஆகவே கொதி சீக்கிரம் திரும்பும் என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது காரணம், அதிகத் தண்ணீரில் மாவுச்சத்து நீர்த்துப்போகும் என்பது. இது பாதி உண்மை. வெந்து முடியும்போது தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கும் என்பதைத் தண்ணீரின் அளவுதான் முடிவு செய்கிறது. ஆனால் முதல் கட்டத்தில் இழைகளை ஒட்டவைக்கும் பசை தண்ணீரில் கலந்த பசையே அல்ல. இழையின் மேல் இன்னும் கரையாமல் நிற்கும் பசை. தொட்டுக்கொண்டு கிடக்கும் இரண்டு இழைகளுக்கு நடுவே தண்ணீர் புகவே இடமில்லாதபோது சுற்றிலும் ஐந்து லிட்டர் இருந்தென்ன, ஒன்றரை லிட்டர் இருந்தென்ன? கிளறாமல் விட்டால் பெரிய பாத்திரத்திலும் கட்டி விழுவதற்கு இதுவே காரணம். உணவின் அறிவியலைப் பற்றி எழுதும் அமெரிக்க எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 2009 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைச் சோதித்து எழுதினார். ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் பாஸ்தாவை, வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான தண்ணீரில், அதுவும் குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பேற்றி வேகவைத்தார். அடிக்கடி கிளறிக்கொண்டிருந்தால் போதும், பாஸ்தா நன்றாகவே வெந்தது. தண்ணீரின் வேலையைக் கிளறுதல் செய்துவிட முடியும். கிளறுதலின் வேலையைத் தண்ணீரால் செய்ய முடியாது.

அதற்காகக் கையளவு தண்ணீர் போதும் என்று சொல்லவரவில்லை. இழைகள் முழுவதும் மூழ்கி, கிளறும்போது விலகி நகர இடம் வேண்டும். மிகக் குறைத்தால் தண்ணீர் கூழாகிப் பொங்கும், அடிபிடிக்கும். 200 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் நல்ல அளவு. உயரமான பாத்திரத்தைவிட அகன்ற பாத்திரம் மேல். கவனமாகக் கிளறுவது கஷ்டம், பக்கத்து அடுப்பில் வேறு வேலை இருக்கிறது என்றால் பழைய கணக்குப்படியே இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதிகத் தண்ணீர் கொஞ்சம் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் சில நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஒட்டும் தன்மை அதனால் கூடிவிடாது.

கொதியின் வேகம்தான் இழைகளைப் பிரித்து வைக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இத்தாலிய விஞ்ஞானி ஜோர்ஜோ பரீசி, மறு ஆண்டு செப்டம்பரில், எரிபொருள் விலை ஐரோப்பாவை வாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு யோசனையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். தண்ணீர் கொதித்ததும் பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிடலாம். மூடி போட்டு வைத்தால் மிச்ச நேரம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும் என்பது அதன் சாரம். இத்தாலியச் சமையற்கலைஞர்கள் சிலர் கொதித்தெழுந்தார்கள், பாஸ்தா ரப்பர்போல ஆகிவிடும் என்றார்கள். மெல்லிய சிறிய பாத்திரத்தில், கொஞ்சம் தண்ணீரில் செய்தால் சூடு சீக்கிரம் இறங்கி அவர்கள் சொன்னதுதான் நடக்கும். அடிகனமான பாத்திரமும் போதிய தண்ணீரும் இருந்தால் முறை பலிக்கும். நமக்கு முக்கியமானது வேறு. அடுப்பை அணைத்த பிறகு பாத்திரத்தில் குமிழி இல்லை, அசைவில்லை. இருந்தும் இழைகள் ஒட்டுவதில்லை, முதல் இரண்டு நிமிடத்தில் நன்றாகப் பிரித்துவிட்டிருந்தால். அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிய இழை பாதுகாப்பான இழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எண்ணெயைப் பற்றி இனி அதிகம் பேச வேண்டியதில்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். இழைகள் ஒட்டிக்கொள்வதோ பாத்திரத்தின் அடியில். ஆபத்தான நேரத்தில் இரண்டும் சந்திப்பதே இல்லை. பொங்கி வழிவதை எண்ணெய் ஓரளவு அடக்கும் என்பது மெய்தான், ஆனால் தீயைக் குறைத்தாலும் அது அடங்கும். எண்ணெய் விட்டுச் சமைத்தோம், ஒட்டவில்லையே என்று சொல்பவர்களின் அனுபவத்தையும் மறுக்கவில்லை. வடிக்கும்போது மிதந்த எண்ணெய் இழைகளின் மேல் படிகிறது. அதனால் வடித்த பிறகு ஒட்டுவது குறைகிறது. ஆக, எண்ணெய் வேலை செய்வது இரண்டாம் கட்டத்தில். அங்கே அது நன்மையோடு தீமையும் செய்கிறது: எண்ணெய் பூசிய இழையில் தக்காளி சாஸ் பிடிக்காமல் வழுக்கி, தட்டின் அடியில் தேங்கும். உப்பின் கதை இன்னும் சுருக்கம். லிட்டருக்கு 10 கிராம் உப்பு தண்ணீரின் கொதிநிலையை 0.2 டிகிரிகூட உயர்த்தாது. உப்பு ருசிக்கு, அந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வெந்து முடிந்த இழைக்குள் பிறகு உப்பை ஏற்ற வழியில்லை. தண்ணீரைக் குறைத்தால் உப்பையும் அதற்கேற்பக் குறைக்க மறக்காதீர்கள்.

இனி இரண்டாம் கட்டம். வீடுகளில் ஸ்பாகெட்டி கெடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கருத்து. பாத்திரத்தில் அழகாகத் தனித்தனியாக நீந்திய இழைகள் வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் கழித்து ஒரே உருண்டையாகக் கிடக்கின்றன. இதில் சமைத்தவரின் கிளறலில் குறையில்லை, காத்திருந்ததில்தான் குறை. தண்ணீரிலிருந்து தூக்கியதும் இழைகளின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. அதன் பரப்பு இழுவிசை பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டினார்கள்: முட்கரண்டியால் தூக்கிய இழைகள் எவ்வளவு நீளத்துக்குச் சேர்ந்துகொள்கின்றன என்பதை வைத்து அவை எவ்வளவு வெந்திருக்கின்றன என்றே சொல்லிவிடலாம் என்றார்கள். வேக வேக இழை மெத்தென்று ஆகி எளிதில் வளைவதால் அதிக நீளத்துக்கு ஒட்டும். அத்தோடு, வடித்த இழையிலிருந்து ஆவி எழுந்து ஈரம் போகப் போக அந்தப் படலத்தில் உள்ள மாவுச்சத்து செறிந்து கெட்டியாகிறது. சூடு ஆற ஆற மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸ் இறுகிப் பசை உறைகிறது. நீர்ப்படலம் சேர்த்து வைத்ததை மாவுச்சத்து பூட்டிவிடுகிறது.

இதற்கு ஒரே மருந்து, ஸ்பாகெட்டியைக் காத்திருக்க விடாமல் இருப்பது. தண்ணீர் கொதிக்கும் முன்பே சாஸ் தயாராகி, அகன்ற வாணலியில் இளஞ்சூட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டும். சாஸ் அரை மணி நேரம் காத்திருந்தாலும் கெடாது, ஸ்பாகெட்டி ஐந்து நிமிடம் காத்திருந்தால் கெட்டுவிடும். பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே, இழையின் நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரியும்போதே, இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட நேரே வாணலியில் போடுங்கள். வடிதட்டே வேண்டாம். வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு டம்ளர் வெந்த தண்ணீரை முதலில் எடுத்து வைத்துவிட்டு வடியுங்கள். வாணலியில் ஒரு குழிக்கரண்டி வெந்த தண்ணீரை ஊற்றி, தீயை ஏற்றி, தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் சாஸ் பளபளவென்று இழைகளைப் போர்த்திக்கொள்ளும். இங்கே நடப்பது கவனிக்கத்தக்கது. இழைகளை ஒட்டவைத்திருக்க வேண்டிய அதே மாவுச்சத்து இப்போது எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைத்து, சாஸை இழையோடு சேர்க்கிறது. ரோம் நகரத்து உணவான காச்சோ எ பெப்பேயில், பெக்கோரினோ பாலாடைக்கட்டியும் மிளகும் ஸ்பாகெட்டித் தண்ணீரும் மட்டுமே சேர்ந்து சாஸாகின்றன. தண்ணீரில் மாவுச்சத்து போதாவிட்டால் பாலாடைக்கட்டி திரிந்து கட்டி கட்டியாகிவிடும். இதை இத்தாலிய இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 2025-இல் அதே ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். பாலாடைக்கட்டியின் எடையில் இரண்டு, மூன்று சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது என்பது அவர்கள் கண்டது. குறைந்த தண்ணீரில் வேகவைக்கச் சொன்னதன் இன்னொரு பலன் இங்கே கிடைக்கிறது: தண்ணீர் செறிவாக இருக்கும்.

வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசினால் ஒட்டாதே என்று கேட்டால், ஒட்டாது என்பதே நேர்மையான பதில். மேலே உள்ள மாவுச்சத்தைக் கழுவிவிடுவதால், நீர்ப்படலம் இழைகளைச் சேர்த்தாலும் பூட்டுவதற்குப் பசை இருக்காது. ஜப்பானியர்கள் சோபா நூடுல்ஸை இப்படித்தான் அலசுகிறார்கள், அது அந்த உணவுக்குப் பொருத்தம். குளிர்ந்த சாலட்டுக்காக ஸ்பாகெட்டி வேகவைத்தால் நீங்களும் தயங்காமல் அலசலாம். சூடான சாஸில் பிரட்டப்போகும் ஸ்பாகெட்டியை அலசினால், சாஸைப் பிடித்துவைக்க வேண்டியதையே சாக்கடையில் விட்டதாகிவிடும். ஆறிப்போன இழை சாஸின் சூட்டையும் இறக்கும்.

எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. நடுவில் சற்றே பல்லில் படும்படி எடுப்பதுதான் இன்றைய இத்தாலிய வழக்கம். அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மார்ட்டினோ, சிசிலி மக்கரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொன்னார். குழைய வெந்த உணவுக்கே பழகிய வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் கடினமான நடுப்பகுதியை விரும்பாமல் போகலாம், அவர்கள் விருப்பத்தில் பிழை காண எதுவுமில்லை. ஆனால் நேரம் மிஞ்சினால் மாவுச்சத்துத் துகள்கள் ஊதி வெடித்து, புரத வலையும் தளர்ந்து, பசை கட்டுக்கடங்காமல் வெளியே வரும். மெத்தென்று வேண்டுமென்றால் பொட்டலம் சொல்லும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் வரை போகலாம், அதைச் சாஸிலேயே செலவிட்டால் இன்னும் நல்லது. வெந்துவிட்டதா என்று பார்க்க இழையைச் சுவரில் எறிந்து ஒட்டுகிறதா என்று சோதிக்கும் பழக்கம் பயனற்றது. அது ஒட்டும் தன்மையைத்தான் காட்டும். ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள்.

வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் டியூரம் கோதுமை ரவை என்று மட்டும் இருக்க வேண்டும். மைதாவோ சாதாரணக் கோதுமை மாவோ கலந்தது என்றால் புரத வலை தளர்வாகத்தான் இருக்கும். எத்தனை கவனமாகச் சமைத்தாலும் ஓரளவு குழைந்து ஒட்டவே செய்யும். நல்ல ஸ்பாகெட்டியிலும் இரண்டு வகை உண்டு. டெஃப்லான் பூசிய அச்சில் பிழிந்தது வழவழப்பாக, மஞ்சளாக மின்னும். நேப்பிள்ஸுக்கு அருகில் பாஸ்தாவுக்குப் பேர்போன கிரன்யானோவில் செய்வதுபோல வெண்கல அச்சில் பிழிந்தது சொரசொரப்பாக, மாவு படிந்ததுபோல வெளிறியிருக்கும். சொரசொரப்பான இழை மாவுச்சத்தை அதிகம் விடும், ஆகவே முதல் இரண்டு நிமிடத்தில் இன்னும் கவனமாகக் கிளற வேண்டும். அதற்குக் கைமாறாகச் சாஸை அபாரமாகப் பிடித்துக்கொள்ளும். விலை கூடுதல்தான், கொடுக்கலாம். அரிசி, சோளம், பருப்பு ஆகியவற்றில் செய்த, குளூட்டன் இல்லாத ஸ்பாகெட்டிக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே வலையே இல்லை. வேகும் நேரம் முழுவதும் மாவுச்சத்து வெளியேறிக்கொண்டே இருக்கும். நிறையத் தண்ணீர் வேண்டும் என்ற பழைய விதியை இங்கே முழு மனதோடு ஏற்கிறேன், கடைசி வரை கிளறவும் வேண்டும். பிரஷர் குக்கரில் விசில் விட்டு எடுக்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: கிளற வேண்டிய இரண்டு நிமிடத்தில் மூடியைத் திறக்க முடியாத பாத்திரம் ஸ்பாகெட்டிக்கு ஆகாது. பொங்கும் நுரை ஆவி வெளியேறும் துளையை அடைக்கவும் கூடும்.

விருந்துக்கு நாற்பது, ஐம்பது பேர் என்றால் ஒவ்வொரு தட்டையும் அந்தந்த நேரத்தில் பிரட்டித் தருவது வீட்டுச் சமையலறையில் நடக்காது. அப்போது எண்ணெய்க்கு நியாயமான இடம் இருக்கிறது. மூன்று நிமிடம் முன்பாகவே வடித்து, அகலமான தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, சில சொட்டு எண்ணெய் தெளித்துப் பிசிறிவிடுங்கள். குவித்து வைத்தால் உள்சூட்டிலேயே வெந்து குழையும். வெந்த தண்ணீரில் சில டம்ளர்களைத் தனியே எடுத்து வையுங்கள். பரிமாறும் நேரத்தில் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, எடுத்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுச் சாஸில் பிரட்டலாம். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். சாஸோடு கலந்து வைத்தது மறுநாளும் பிரிந்து வரும். வெறுமனே வைத்தது கட்டியாகியிருக்கும், அதைக் கையால் பிய்க்காதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு இடுக்கியால் லேசாக அசைத்தால் உறைந்த பசை இளகி ஒரு நிமிடத்துக்குள் இழைகள் விலகிவிடும். பள்ளிக்குக் கட்டிக்கொடுப்பதென்றால் சாஸில் வழக்கத்தைவிட இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாக விட்டு, தளரத் தளரப் பிரட்டிக் கட்டுங்கள். மதியத்துக்குள் ஸ்பாகெட்டி அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.